ஒரு குன்றிமணி வித்தியாசம்

கார்பன் அம்பு வளைந்து நிற்காது. மூங்கில் அம்பு வெயிலுக்கும் ஈரத்துக்கும் கோணும். அலுமினிய அம்பு கல்லில் பட்டால் வளையும், வளைந்தது கண்ணுக்குத் தெரியும். கார்பனுக்கு இரண்டே நிலைதான். நேராக இருக்கும், இல்லையென்றால் உடையும். அதனால் கறுப்பாக, பளபளப்பாக, பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருக்கும் பன்னிரண்டு கார்பன் அம்புகளைப் பார்க்கும் யாருக்கும் அவை பன்னிரண்டும் ஒன்றுதான் என்ற நம்பிக்கை வந்துவிடும். அந்த நம்பிக்கைக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

என் அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயது. திண்டுக்கல்லில் இருந்து ரெட்டியார்சத்திரம் போகும் சாலையில், ஒரு தோட்டத்தை ஒட்டிய மைதானத்தில் இரண்டு வருஷமாக வில்வித்தை பழகுகிறாள். மாவட்ட அளவிலான ஒரு தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தபோது அவளுடைய மதிப்பெண் ஏறாமல் நின்றுவிட்டது. பயிற்சியாளர் சொன்ன காரணம் இரண்டே வார்த்தை: “கை ஆடுது.” அவள் என்னிடம் வந்து சொன்னது வேறு: “மாமா, நான் சரியாத்தான் விடுறேன். சில அம்பு போகுது, சில அம்பு போக மாட்டேங்குது.”

நான் படித்தது மெக்கானிக்கல். பிழைப்பு சாஃப்ட்வேர். இந்த வாக்கியத்தை அலுவலகத்தில் வாரம் ஒருமுறையாவது கேட்கிறவன். “என் கோடுல ஒண்ணும் இல்ல, சர்வர்லதான் பிரச்சினை” என்று புதிதாகச் சேர்ந்த பையன் சொல்வான். பத்தில் எட்டு முறை அவன் கோடில்தான் இருக்கும். மீதி இரண்டு முறை உண்மையிலேயே சர்வரில் இருக்கும். அந்த இரண்டு முறையும் அவனை நம்பாமல் விட்டால், அவன் தப்பே இல்லாத இடத்தைத் திருத்தித் திருத்திக் கடைசியில் நன்றாக இருந்ததையும் கெடுத்துவைப்பான். அக்கா மகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கை ஆடுது என்று சொன்னதும் பிடியை மாற்றினாள், தாடையில் நாண் தொடும் இடத்தை மாற்றினாள், மூச்சு விடும் நேரத்தை மாற்றினாள். போன மாதம் சரியாக இருந்த எதுவும் இந்த மாதம் இல்லை.

அவளுடைய அம்புப் பெட்டியின்மேல் மூன்று எண்கள் அச்சாகியிருந்தன. ஸ்பைன் 1000. நேர்த்தி ±0.003 அங்குலம். எடை ±2 கிரெய்ன். ஆன்லைனில் வாங்கியது, டஜன் ஐயாயிரத்துச் சொச்சம். இந்த மூன்று எண்ணும் உண்மையா என்று பார்ப்பதுதான் முதல் வேலை என்று தோன்றியது. கையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

*

கார்பன் அம்பை எப்படிச் சோதிப்பது என்று தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி குறுக்குவில் அம்புகளைப் பற்றியது. வில்லைத் துப்பாக்கிக் கட்டைபோல ஒன்றின்மேல் படுக்கப் போட்டு, நாணை இழுத்துக் கொக்கியில் மாட்டி, விசையைத் தட்டினால் அம்பு போகும். அதுதான் குறுக்குவில், ஆங்கிலத்தில் கிராஸ்போ. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் வைத்திருப்பது. இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கருவி நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதில்மேல் இருந்த பொறிகளின் பட்டியலில் வளைவிற்பொறி வருகிறது. தானாக எய்யும் இயந்திர வில் என்று அதற்கு உரை. 1924-இல் ஜேம்ஸ் ஹார்னெல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்குவில் மூன்றும் இருக்கின்றன.

குறுக்குவில்காரர்களின் சோதனைகள் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. குறுக்குவில்லை மேசையில் ஒரு தாங்கியில் இறுக்கி வைத்துவிட்டால் மனிதன் விலகிவிடுகிறான். கை ஆடாது. மூச்சு மாறாது. நாண் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருந்து அதே விசையோடு கிளம்பும். அப்படியும் ஓர் அம்பு கூட்டத்தை விட்டு விலகிப் போனால் தப்பு அம்பிடம்தான். அவர்கள் ஒவ்வொரு அம்புக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றையும் பலமுறை எய்து, விலகுவதைக் கண்டுபிடித்துத் தள்ளிவைக்கிறார்கள்.

ஆனால் அந்த அளவுகோலை அப்படியே இங்கே எடுத்துவர முடியாது. குறுக்குவில் அம்பு குட்டையானது, 20 அல்லது 22 அங்குலம். விறைப்பானது. கட்டையில் உள்ள பள்ளத்தில் படுத்துக்கொண்டு, நடுவில் இருந்து நேராகத் தள்ளப்படுகிறது. அதில் எடையும் நேர்த்தியும் நாணில் பொருந்தும் பின்முனையும்தான் முக்கியம். அந்தப் பின்முனைக்கு நாக் என்று பெயர். பிறைவடிவ நாக் கேட்கும் வில்லில் தட்டையான நாக்கை வைத்தால் நாண் அம்பின் மேலேறியோ கீழிறங்கியோ வெறுமனே அடித்து வில்லே உடையலாம்.

கைவில் அப்படியில்லை. நாண் விரலை விட்டு நழுவும்போது கொஞ்சம் பக்கவாட்டில் அசைகிறது. அம்பு நடுவில் வளைந்து, வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு, இப்படியும் அப்படியும் மீன்போலத் துடித்துக்கொண்டேதான் இலக்குக்குப் போகிறது. பார்க்க நேராகப் போவதுபோல இருக்கும். அந்தத் துடிப்பு வில்லின் பலத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதற்கான எண்தான் ஸ்பைன். 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் அம்பைப் படுக்க வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதை ஆயிரத்தால் பெருக்கினால் ஸ்பைன். ஓர் அங்குலம் தொய்ந்தால் 1000. எண் கூடினால் அம்பு இளகியது, குறைந்தால் விறைப்பானது.

*

முதலில் பஞ்சு. அளக்கும் முன்பு ஒவ்வொரு அம்பின்மேலும் ஒரு பஞ்சு உருண்டையை முனையில் இருந்து நாக் வரை தடவிக்கொண்டு போக வேண்டும். எங்காவது இழை சிக்கினால் அங்கே கார்பன் பிளந்திருக்கிறது. பிறகு இரண்டு முனையையும் பிடித்து லேசாக வளைத்து, சுற்றிச் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும். நெறுநெறுவென்று சத்தம் வந்தால் அந்த அம்பை உடைத்துப் போட்டுவிட வேண்டியதுதான். பிளந்த கார்பன் அம்பு எய்யும்போது சிதறினால் வில் பிடித்த கையில்தான் ஏறும். பன்னிரண்டும் தேறின.

அடுத்தது எடை. நண்பனின் அடகுக்கடையில் இருந்து நகைத் தராசு ஒன்று வாங்கிவந்தேன். 0.01 கிராம் வரை காட்டும். அம்புக்காரர்கள் எடையைச் சொல்வது கிரெய்ன் கணக்கில். ஒரு பவுண்டில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0648 கிராம். நம் பத்தர்களின் பழைய குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெய்ன். ஆக, ±2 கிரெய்ன் என்றால் சொன்ன எடைக்கு ஒரு குன்றிமணி கூடலாம், ஒரு குன்றிமணி குறையலாம், அதற்குமேல் போகாது என்று பெட்டி சத்தியம் செய்கிறது.

மிக லேசான அம்பு 266 கிரெய்ன். மிகக் கனமானது 281. பதினைந்து கிரெய்ன், கிட்டத்தட்ட ஒரு கிராம்.

“ஒரு கிராமுக்கா இந்த ஆட்டம்?” என்றாள் அக்கா.

“தங்கம்னா விட்டுருவியா?”

“தங்கம் வேற.”

வேறுதான். ஆனால் எவ்வளவு வேறு என்று கணக்குப் போட முடியும். மைதானத்தில் செல்போனை அவள் பக்கத்தில் வைத்து ஒலியைப் பதிந்தேன். நாண் விடுபடும் சத்தத்துக்கும் அம்பு இலக்கில் குத்தும் சத்தத்துக்கும் இடையே 0.71 விநாடி. குத்தும் சத்தம் 30 மீட்டர் திரும்பி வர எடுக்கும் 0.09 விநாடியைக் கழித்தால் 0.62. அப்படியென்றால் வேகம் விநாடிக்கு 48 மீட்டர். அந்த நேரத்தில் புவியீர்ப்பு அம்பை ஏறக்குறைய 1.9 மீட்டர் கீழே இழுத்துவிடும். அதை ஈடுகட்டும்படிதான் குறிமுள்ளைத் திருகி வைத்திருக்கிறோம். அம்பு எட்டு கிரெய்ன் கனத்தால் வேகம் நூற்றுக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் கூடக் குறையும். விழுவது நூற்றுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் கூட அதிகமாகும். அதாவது நான்கு சென்டிமீட்டர். 30 மீட்டரில் அவள் எய்வது 80 சென்டிமீட்டர் இலக்கு. அதில் ஒரு வளையத்தின் அகலம் சரியாக நான்கு சென்டிமீட்டர். நான்கு குன்றிமணிக்கு ஒரு வளையம். அவள் பெட்டியில் இருந்த ஒரு கிராமுக்கு இரண்டு வளையம். கை ஆடாமலே எட்டு பத்தாகும், பத்து எட்டாகும்.

அக்கா வீட்டுக்காரர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் தரப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தவர் என் எக்செல்லைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். கிரெய்ன் அவருக்குப் பழகிய அளவு. 120 கஜம் நூலைச் சுற்றி எடுத்து எடைபோட்டு, ஆயிரத்தை அந்தக் கிரெய்ன் எடையால் வகுத்தால் நூலின் கவுண்ட். 25 கிரெய்ன் என்றால் 40-ஆம் நம்பர் நூல். அவருடைய அன்றாட வேலையே இதுதான்.

“சராசரி பாத்து ஏமாறாத மாப்ள. சி.வி. போடு” என்றார்.

சி.வி. என்பது சிதறலைச் சராசரியால் வகுத்து நூற்றுக்குச் சொல்வது. நாற்பது நம்பர் என்று விற்ற நூலில் ஒரு கோன் முப்பத்தெட்டு, ஒரு கோன் நாற்பத்திரண்டு என்று இருந்தால் சராசரி நாற்பதுதான். ஆனால் துணியாக நெய்தபிறகு பட்டை பட்டையாகத் தெரியும். போட்டேன். 1.7 வந்தது.

“நூலா இருந்தா இது பாஸ்தான்” என்று சிரித்தார் மச்சான். “அம்புக்கு ஆகாதோ?”

ஆகாது. ஒரே 1.7 சதவீதம் ஓரிடத்தில் நல்ல சரக்கு, இன்னோரிடத்தில் இரண்டு வளையம்.

*

ஸ்பைன் அளக்க ஒரு பலகையும் இரண்டு சின்ன பேரிங்கும் 880 கிராம் எடையும் வேண்டும். எடையை நல்லாம்பட்டிப் பக்கம் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் செய்தேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த நேரத்தில் பட்டறைகள் பலவும் மூடியிருந்தன. அலிகாரில் இயந்திரத்தில் அடித்து வரும் பூட்டின் விலைக்கு இங்கே கையால் ராவிய பூட்டு ஈடுகொடுக்க முடியவில்லை. பெரியவர் பூட்டோடு சில்லறை லேத் வேலையும் செய்கிறார். 50 மில்லிமீட்டர் இரும்பு உருளையில் ஆறு சென்டிமீட்டர் வெட்டி, கொக்கி வைத்து, தராசில் போட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி 880-க்குக் கொண்டுவந்தார். எதற்கு என்று கேட்டார். பன்னிரண்டு அம்பும் ஒரே அளவு தொய்கிறதா என்று பார்க்க என்றேன்.

கொஞ்ச நேரம் உருளையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“எங்களுக்கு இது தலைகீழ் தம்பி. ரெண்டு பூட்டு ஒண்ணுபோல இருந்துச்சுன்னா வேல கெட்டுச்சுன்னு அர்த்தம். ஒருத்தன் சாவி இன்னொருத்தன் வீட்டத் தொறந்துரும்ல. ஒவ்வொண்ணுலயும் நெம்ப மாத்தி மாத்தி ராவுவோம். அம்புட்டுதேன் தொழிலு.”

தரம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு எதிரெதிர் பொருள் இருப்பதை நான் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. பூட்டின் தரம் ஒவ்வொன்றும் வேறாக இருப்பதில். அம்பின் தரம் ஒவ்வொன்றும் ஒன்றாக இருப்பதில். ஒரு தனி அம்பை மட்டும் கையில் கொடுத்து “இது நல்ல அம்பா?” என்று கேட்டால் பதில் சொல்லவே முடியாது. அது கொஞ்சம் கனமாக இருக்கலாம், கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம். எல்லாமே அப்படி இருந்தால் குறிமுள்ளைத் திருப்பிக்கொள்ளலாம். சிக்கல், அதன் கூட இருப்பவை எப்படி என்பதில்தான்.

பலகையில் அளந்தபோது 1000 என்று அச்சடித்த அம்புகள் 930-இல் இருந்து 1080 வரை பரவிக் கிடந்தன. அதைவிட ஆச்சரியம், ஒரே அம்பைக் கால் சுற்று திருப்பி வைத்து அளந்தாலும் எண் மாறியது. சிலவற்றில் 30 வரை. காரணம் அம்பு செய்யும் முறை. கார்பன் இழை ஒன்றின் விட்டம் ஏறக்குறைய 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. இந்த இழைகளைப் பிசினில் தோய்த்த தாளாக்கி, இரும்புக் கம்பிமேல் பாய்போலச் சுருட்டி, வேகவைத்து, கம்பியை உருவிவிடுகிறார்கள். பாயின் ஓரம் ஓரத்தின்மேல் ஏறும் இடத்தில் ஒரு சுவர் கூடுதலாகிறது. அந்தப் பக்கம் விறைப்பு. விலை கூடிய அம்பில் இந்த ஏற்றம் சீராகப் பகிரப்பட்டிருக்கும். விலை குறைந்ததில் அம்புக்கு ஒரு முதுகுத்தண்டு இருக்கும். அந்த முதுகு எல்லா அம்பிலும் ஒரே பக்கம் பார்க்கும்படி நாக்கைத் திருப்பி வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அதற்குச் செலவு இல்லை, ஒரு சாயங்காலம் போதும்.

நேர்த்தியையும் அளந்தோம். வி-பிளாக் இரண்டின்மேல் அம்பை உருட்டி, நடுவில் டயல் கேஜ். முள் ஆடும் தூரத்தில் பாதிதான் வளைவு. ±0.003 என்ற வாக்கை ஒன்பது காப்பாற்றின, மூன்று காப்பாற்றவில்லை. எல்லோரும் அதிகம் பேசும் எண் இதுதான், விலையை ஏற்றுவதும் இதுதான். ஆனால் அம்பு முழுவதையும் அளந்து சொன்னதா, நடுப்பகுதியை மட்டும் அளந்து சொன்னதா என்று பெட்டியில் இருக்காது.

*

மேசையில் அளந்தது மைதானத்தில் தெரிகிறதா என்பதுதான் உண்மையான சோதனை. இங்கேதான் குறுக்குவில்காரர்கள்மேல் எனக்குப் பொறாமை. என்னிடம் இருப்பது இறுக்கி வைத்த வில் இல்லை. பள்ளிக்கூடம் போகிற, சில நாள் சரியாகத் தூங்காத, அம்மாவிடம் திட்டு வாங்கிவிட்டு வருகிற ஒரு பெண். அவளைப் பொறியாக்க முடியாது. எண்ணிக்கையைக் கூட்டலாம். எந்த அம்பு கையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம்.

அம்புகளுக்கு 1 முதல் 12 வரை எண் போட்டேன். எந்த வரிசையில் கொடுப்பது என்பதை ஒரு சின்ன நிரல் குலுக்கிப் போட்டது. அவள் எண்ணைப் பார்க்காமல் வாங்கி எய்ய வேண்டும். ஆடிக் காற்று கிளம்பும் முன்பு, காலை ஆறில் இருந்து ஏழுக்குள், ஐந்து நாள், நாளுக்கு 24 அம்பு. மொத்தம் 120. ஒவ்வொன்றும் எங்கே குத்தியது என்று படம் எடுத்து, நடுவில் இருந்து எவ்வளவு வலம் இடம், எவ்வளவு மேல் கீழ் என்று ஏற்றினேன்.

4-ம் 9-ம் தொடர்ந்து கீழே விழுந்தன. தராசில் கனத்தவை அவைதான். 7 தொடர்ந்து இடப்பக்கம் போனது. அது 930 காட்டிய விறைப்பான அம்பு. வலக்கையால் நாண் இழுப்பவருக்கு விறைப்பான அம்பு இடப்பக்கம் போகும் என்பது வில்லாளிகள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். நேர்த்தியில் தோற்ற மூன்று அம்புகளும் 30 மீட்டரில் பெரிதாக விலகவில்லை. 2-ஆம் எண் மட்டும் புரியவில்லை. எடை, ஸ்பைன், நேர்த்தி எல்லாம் சரியாக இருந்தும் திசை இல்லாமல் அலைந்தது. நாக்கை நாணில் மாட்டி ஆட்டிப் பார்த்தால் மற்றவை “டிக்” என்று பிடிக்கின்றன, இது பிடிக்கவில்லை. இருபது ரூபாய் பிளாஸ்டிக். மாற்றியதும் ஒழுங்காகப் போனது.

பிறகு அவள் காத்திருந்த கணக்கு. மொத்தச் சிதறலில் அம்புகளுக்கு இடையேயான வித்தியாசத்தால் வருவது எவ்வளவு, ஒரே அம்பைத் திரும்ப எய்யும்போதும் வருவது எவ்வளவு என்று பிரித்தேன். 120 அம்பு பெரிய எண்ணிக்கை இல்லை, அதனால் தோராயம்தான். மூன்றில் ஒரு பங்கு அம்புடையது. மூன்றில் இரண்டு பங்கு அவளுடையது.

சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. அவள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

“அப்ப ரெண்டு பங்கு நான்தானா?”

“ஆமா.”

“இந்த ரெண்டு பங்கு மட்டும்தானே என்னோடது?”

அந்த “மட்டும்” எனக்கு முதலில் புரியவில்லை. ஆறு மாதமாக அவள் சுமந்துகொண்டிருந்தது மூன்று பங்கு. அதில் ஒன்றை இறக்கி வைத்ததும் மீதி இரண்டையும் அவளால் பார்க்க முடிந்தது. பிடியை இனி மாற்ற மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னாள். பயிற்சியாளரிடம் தாளைக் காட்டினோம். நிதானமாகப் படித்துவிட்டு, “நான் சொன்னது பொய்யில்லையே, கையும் ஆடுதுல்ல” என்றார். பொய்யில்லைதான்.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பங்கை முழுசாக நீக்கினாலும் அம்புகள் குத்தும் வட்டம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிடாது. சிதறல்கள் வர்க்கமாகக் கூடுகின்றன. ஆகவே வட்டத்தின் அகலம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் சுருங்கும். நல்ல அம்பு வாங்கியதும் எல்லாம் மாறும் என்று விற்பவர்கள் இந்த வர்க்கமூலத்தைச் சொல்வதில்லை.

*

அப்படியானால் நல்ல அம்பு வாங்கிவிடலாமே என்று அக்கா கேட்டாள். எவ்வளவுக்கு? ஒலிம்பிக்கில் பெரும்பாலோர் கையில் இருப்பது 1996 அட்லாண்டாவில் அறிமுகமான ஈஸ்டன் எக்ஸ்10 என்ற அம்பு. அலுமினியக் குழாய்மேல் கார்பன் போர்த்தி, நடுவில் தடித்து இரு முனையிலும் மெலிந்து வரும்படி செய்தது. 70 மீட்டரில் 12.2 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் குத்துவதற்கானது. ஒரு டஜன் பல பத்தாயிரங்கள். மூங்கில் வில்லில் தொடங்கியவர், ஆட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரி. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். அப்படி மேலேறி வந்த ஒருவரை நாம் கொண்டாடுகிறோம். கோணல் அம்பை எய்துவிட்டுத் தன் கைதான் சரியில்லை என்று நம்பி வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியதில்லை. விலை கூடிய பெட்டிக்குள் இருப்பது சிறப்பான அம்பு இல்லை. யாரோ நமக்காக அளந்து, பிரித்து, ஒன்றுபோல் இருப்பவற்றை மட்டும் சேர்த்து வைத்த அம்பு. பணம் இருப்பவர்கள் அந்தப் பிரிக்கும் வேலையை விலைக்கு வாங்குகிறார்கள்.

பிரிக்கும் வேலையை நாமே செய்யலாம். பொறியியலில் இதற்குத் தேர்ந்து பொருத்துதல் என்ற பழைய முறை உண்டு. பால் பேரிங்கின் குண்டுகளை எல்லாம் ஒரே அளவில் செய்வது கடினம். செய்தபிறகு அளந்து, ஒத்தவற்றை ஒரே பேரிங்கில் போடுவது எளிது. மைதானத்தில் அதே அம்பு வைத்திருக்கும் பெண்கள் மூன்று பேர். மூன்று டஜன், 36 அம்பு. எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டு அளந்தால் மூன்று நல்ல செட் பிரிக்கலாம்.

யோசனை சொன்னதும் சண்டை வந்தது.

“எம்புள்ள அம்பு போன மாசம்தான் வாங்குனது. ஒங்க புள்ளைது ரெண்டு வருசம் அடிச்சது. எப்புடிங்க ஒண்ணாப் போடுறது?” என்றார் ஒரு அம்மா. நியாயமான கேள்வி. மச்சான்தான் வழி சொன்னார். மில்லில் பஞ்சு பேல்களைக் கலந்து போடுவதுபோல, யாருடையது எத்தனை வந்தது, எத்தனை போனது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, வித்தியாசத்துக்குக் காசு. ஓர் அம்பு ஐம்பதா நூறா என்று பேரம் ஒரு மணி நேரம் ஓடியது.

36-இல் இரண்டு அம்பில் பஞ்சு சிக்கியது, நெறுநெறுத்தது. அதில் ஒன்று அந்தப் புது டஜனில் இருந்தது. அங்கேயே உடைத்துப் போட்டோம். அந்த அம்மா அதற்குப் பிறகு பேரம் பேசவில்லை. மிச்சம் 34-இல் எட்டு எட்டாக மூன்று செட். ஒவ்வொன்றுக்குள்ளும் எடை நான்கு கிரெய்னுக்குள், ஸ்பைன் 30-க்குள். மீதிப் பத்து, பக்கத்து இலக்குக்குப் பழக. 36-இல் ஓர் அம்புகூடத் தரம் உயரவில்லை. இருந்தவை இடம் மாறின, அவ்வளவுதான். மூன்று பேருடைய மதிப்பெண்ணும் ஏறியது.

தேர்வில் மூன்று பேருக்குத்தான் இடம். எங்கள் பெண் நான்காவது. மூன்றாவதாக வந்தது, அந்தப் புது டஜன்காரரின் மகள், ஐந்து புள்ளி வித்தியாசத்தில். அவள் கையில் இருந்த எட்டில் மூன்று அம்பு எங்கள் பெட்டியில் இருந்து போனவை.

அக்கா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், “நல்லதாப் பாத்துப் பொறுக்கிக் குடுத்தியே, ஒனக்கு வீட்டுப் புள்ள கண்ணுக்குத் தெரியலயா?” என்றாள். எட்டும் எட்டும் சமமாகத்தான் பிரித்தேன் என்று எக்செல்லைத் திறந்து காட்டக்கூடிய இடம் இல்லை அது. பேசாமல் சாப்பிட்டேன். சமமாகப் பிரித்தால் யாராவது ஒருவர் ஐந்து புள்ளியில் நான்காவதாக வரத்தான் செய்வார். அந்த ஒருவர் நம் வீட்டில் இருப்பார் என்பதை முன்கூட்டியே ஒத்துக்கொண்டுதான் குவியலில் போட்டோம். அல்லது நான் ஒத்துக்கொண்டேன், அக்காவிடம் கேட்கவில்லை.

அக்கா மகள் அழுதாள், இரண்டு வேளை சாப்பிடவில்லை. அப்புறம் என் எக்செல்லைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். இப்போது அவளே ஏற்றுகிறாள். எண், வலம் இடம், மேல் கீழ். நான் வைக்காத ஒரு பத்தியைக் கடைசியில் சேர்த்திருக்கிறாள். முந்தின ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று. மூன்று வாரம்தான் ஆகியிருக்கிறது. அதில் இருந்து ஏதாவது சொல்ல இன்னும் நாள் ஆகும் என்றேன். “தெரியும் மாமா” என்றாள்.